புளியமரத்துக் குட்டிச்சாத்தான்

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்து நாலடி வைத்ததும் என் பேரன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பாட்டி, இந்த மாடு ஏன் சாமியைப் பார்க்காம வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு? சாமி கூடச் சண்டையா?"

ஆறு வயசுப் பிள்ளை. பார்த்ததைக் கேட்டுவிட்டான். சிவன் கோயில் என்றால் நந்தி சுவாமியைப் பார்த்துத்தானே படுத்திருக்கும்? இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. வருஷக்கணக்காக இந்தக் கோயிலுக்கு வந்து, அவசர அவசரமாகக் கும்பிட்டு, குங்குமத்தை மடித்துக்கொண்டு ஓடுகிற நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்போம்?

"சண்டை இல்லைடா கண்ணா. நமக்காகச் சண்டை போடக் கிளம்பிக்கிட்டிருக்கு" என்றேன்.

அவன் என் புடவைத் தலைப்பை விட்டுவிட்டு நந்தியின் பக்கத்தில் போய் நின்றான். அவ்வளவுதான், நான் வந்த காரியத்தில் பாதி முடிந்த மாதிரி இருந்தது.

என்ன காரியம் என்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள். இந்த யாத்திரையே ஒரு பாத்ரூம் விஷயத்தில் ஆரம்பித்ததுதான்.

கோடை விடுமுறைக்கு மகனும் மருமகளும் பேரனும் பெங்களூரிலிருந்து அம்பத்தூருக்கு வந்திருந்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டைல்ஸ் போட்டு, பளிச்சென்று லைட் எரிகிறது. ஆனாலும் இருட்டிவிட்டால் பேரன் அந்தப் பக்கம் தனியாகப் போக மாட்டான். "உள்ளே ஆள் இருக்கு" என்பான். அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு, கால்மாற்றி கால்மாற்றி நிற்பான். கடைசியில் யாராவது கூடப் போக வேண்டும். கதவையும் திறந்தே வைக்க வேண்டும்.

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தைக் கவனித்தேன். காரணம் புரிந்துவிட்டது. "இன்னும் ரெண்டு வாய் வாங்கலேன்னா பூதத்துக்கு போன் போடுவேன்" என்கிறாள் மருமகள். போனில் அதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். ஒரு பட்டனை அமுக்கினால் மணி அடிக்கிறது, எடுத்தால் கரகரவென்று ஒரு குரல், "யார் சாப்பிடாம அடம் பிடிக்கிறது?" என்று கேட்கிறது. பையன் வெளிறிப்போய் வாயைத் திறக்கிறான். தட்டு காலியாகிவிடுகிறது.

எனக்கு மருமகள் மேல் கோபம் வரவில்லை. வர எனக்கு யோக்கியதையும் இல்லை. அவளிடம் போன் இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் ஒரு புளியமரம் இருந்தது.

1985ஆம் வருஷம். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் வேலை. வாடகை குறைவு என்று திருமுல்லைவாயிலில் ஒரு போர்ஷனில் இருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட் அதற்கு இருபது வருஷம் முன்னால், 1964ல், வந்துவிட்டது. காலையில் சங்கு ஊதினால் சாலை முழுக்க டிபன் கேரியர் தொங்கும் சைக்கிள்களாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் இன்னும் கிராமந்தான். மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றைத் தாண்டி ஒரு பெரிய புளியமரம். புளியமரத்தையும் தாண்டி, முப்பது அடி தள்ளி, கக்கூஸ். ராத்திரியில் அரிக்கேன் விளக்கோ டார்ச்சோ எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

என் மாமியார் தங்கமான மனுஷி. ஆனால் பேத்திக்குச் சோறு ஊட்டுவதற்கு அவர் வைத்திருந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். "சாப்பிடு கண்ணு. இல்லேன்னா புளியமரத்துக் குட்டிச்சாத்தான் இறங்கி வந்துடும்." அப்போது என் பெண்ணுக்கு ஐந்து வயசு, தம்பி கைக்குழந்தை. ஒரு இடுப்பில் அவனையும் ஒரு கையில் கரண்டியையும் வைத்துக்கொண்டு திண்டாடின நேரத்தில், நானும் அந்த ஆயுதத்தையே எடுத்தேன். பொய் சொல்வானேன்? ரொம்ப வசதியாக இருந்தது. பத்து நிமிஷத்தில் சாதம் இறங்கிவிடும்.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பங்குனி மாதம் ஒரு நாள் பெண்ணுக்குக் குளிர் ஜுரம் வந்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். வெயில் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஜுரம் ஏறிவிடவே ஆவடியில் ஒரு லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு என் பெண்ணைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஏன் பாப்பா, வந்தா உடனே போக மாட்டியா? அடக்கி வைச்சுப்பியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் டாக்டர் காதில் ஏதோ சொன்னாள். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஏம்மா, புளியமரத்துல யாரை உட்கார வைச்சிருக்கீங்க?"

எனக்குத் தலை நிமிரவில்லை. ராத்திரியில் போக வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டிருக்கிறாள் குழந்தை. வந்தாலும் விடியும்வரை அடக்கியிருக்கிறாள். தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் மணிக்கணக்காக அடக்கினால் பெண் குழந்தைகளுக்குக் கிருமி சீக்கிரம் தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். அடிக்கடி இப்படி வந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கலாம் என்றும் சொன்னார். "மருந்து பத்து நாளில் இந்தக் கிருமியைக் கொன்னுடும். நீங்க மரத்துல ஏத்தின ஆளை எந்த மருந்தாலேயும் இறக்க முடியாது. நீங்கதான் இறக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

இறக்குவது அவ்வளவு சுலபமா? "குட்டிச்சாத்தான் எல்லாம் கிடையாது கண்ணு, அம்மா சும்மா சொன்னேன்" என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். குழந்தை நம்பவில்லை. "இருக்குன்னு சொன்னதும் நீதானே?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்!

அப்போது வழி சொன்னவர் பக்கத்துப் போர்ஷன் சேச்சி. அவர் வீட்டுக்காரருக்கு ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, எங்க ஊர்ச் சாத்தனை நீங்க ஏன் புளியமரத்துல கட்டி வைச்சிருக்கீங்க? மோளை அந்தக் குட்டிச்சாத்தான் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாம் சரியாகும்."

கேரளத்தில் குட்டிச்சாத்தான் என்றால் சின்ன விஷயம் இல்லை. கல்லெறியும், சோற்றில் மண்ணைப் போடும், மந்திரவாதி ஏவினால் எதையும் செய்யும் என்று பெரியவர்களே நடுங்குவார்கள். இன்னொரு பக்கம் அதற்குக் கோயில்களும் உண்டு. மலபாரில் குட்டிச்சாத்தான் வேஷம் கட்டித் தெய்யம் ஆடுவார்கள். அதைத்தான் நவோதயா அப்பச்சன் படமாகத் தயாரித்தார். அவர் மகன் ஜிஜோ டைரக்ட் செய்தார். 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1984 ஆகஸ்டில் வெளிவந்த மலையாளப் படம். தமிழிலும் பேச வைத்தார்கள். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். இளையராஜா சங்கீதம். பின்னால் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்காவை அமைத்தவரும் இதே அப்பச்சன்தான்.

படத்துக்கு என்றதும் மாமியார் ஒரே போடாகப் போட்டார். "வேணாம். அந்தக் கண்ணாடியைப் போட்டா மெட்ராஸ் ஐ வரும்னு ஊரெல்லாம் பேச்சு."

அது வெறும் பேச்சும் இல்லை. அப்போது கண்வலி பரவியிருந்த நேரம். ஒருத்தர் போட்ட கண்ணாடியை அடுத்த காட்சிக்கு இன்னொருத்தர் போட வேண்டுமே என்று பல ஊர்களில் ஜனங்கள் தயங்கினார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைக் கிருமி நீக்கம் செய்கிறோம் என்று படத்துக்கு முன்னால் சொல்ல வைத்தார் அப்பச்சன். சொன்னது யார் யார் தெரியுமா? பிரேம் நஸீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, சிரஞ்சீவி, நம் ரஜினிகாந்த்! கண் நோய்க்காக இத்தனை ஸ்டார்கள் ஒரே படத்தில் தலை காட்டியது அதற்கு முன்னும் பின்னும் இருக்காது என்று நினைக்கிறேன்.

கண்வலிக்கு நம் ஊர்ப் பெயர் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1918ல் எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் கர்க்பாட்ரிக் என்ற டாக்டர் இதை அடையாளம் கண்டதால் 'மெட்ராஸ் ஐ' என்று ஒட்டிக்கொண்டது. கண்வலிக்காரரைப் பார்த்தாலே நமக்கும் வந்துவிடும் என்பது சுத்தப் பொய். கண்ணைத் தொட்ட கை, துடைத்த துண்டு, படுத்த தலையணை, பகிர்ந்த மைச்சிமிழ் இவற்றால்தான் ஒட்டும். பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாக அடங்கும். கண்ணில் தாய்ப்பால் விடுவது, அடுத்த வீட்டுச் சொட்டு மருந்தை வாங்கிப் போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வலி அதிகமானாலோ பார்வை மங்கினாலோ கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

நான் என் மாமியாரை ரஜினி பெயரைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். அதோடு வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்ட இரண்டு கைக்குட்டைகளையும் பையில் எடுத்துக்கொண்டேன், கண்ணாடியைத் துடைக்க. ரஜினி சொன்னாலும் தாய் மனசு இல்லையா?

திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினோம். அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள் பெண். சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு தகர டமாரம் வாங்கினோம். அந்த மே மாதக் கடைசியிலேயே மூர் மார்க்கெட் எரிந்து போகும் என்று யார் கண்டார்கள்? டமாரம் இன்னும் என் பரணில் இருக்கிறது. சத்தந்தான் வராது.

தியேட்டரில் கண்ணாடியைத் துடைத்து அவளுக்குப் போட்டுவிட்டேன். காதில் நிற்காமல் மூக்குக்கு வழுக்கிற்று. ரிப்பனால் பின்னால் கட்டினேன். படம் ஆரம்பித்து மந்திரவாதி வந்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர்தான் அந்த மந்திரவாதி. எனக்கே வயிற்றைக் கலக்கியது. தப்புப் பண்ணிவிட்டோமோ, எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

பிறகு குட்டிச்சாத்தான் வந்தது. பார்த்தால் ஒரு சின்னப் பையன்! கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. மந்திரவாதி அதைக் கட்டிப்போட்டு அடிமையாக வேலை வாங்குகிறான். மூன்று குழந்தைகள் தற்செயலாக அதை விடுவிக்கிறார்கள். அதற்கும் அவர்களை விட்டால் வேறு சிநேகிதம் கிடையாது. "அம்மா, அதுக்கும் பயம் போல இருக்கு" என்றாள் என் பெண், மடியிலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டி.

அதற்கப்புறம் அவள் என் மடிக்குத் திரும்பவில்லை. திரையிலிருந்து ஐஸ்கிரீம் நீண்டு மூக்குக்கு முன்னால் வந்தபோது தியேட்டரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கையை நீட்டின. என் பெண்ணும் நீட்டினாள். என் வீட்டுக்காரரும் நீட்டினார் என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைகள் சுவரில் நடந்து, கூரையில் ஆடிப் பாடும் காட்சியில் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது. இரும்புச் சட்டத்துக்குள் அறையைக் கட்டி, கேமராவையும் அதோடு பிணைத்து, அறையையே ராட்டினம் போலச் சுழற்றிப் படம் பிடித்திருக்கிறார்கள். அதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

திரையில் இருப்பது மூக்குக்கு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்ப்பதை மூளை ஒன்றாகச் சேர்த்துத்தான் அருகு, தூரம் என்று கணக்குப் போடுகிறது. இந்தப் படத்தில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் எடுத்து, வெள்ளிப் பூச்சுப் பூசிய திரையில் காட்டினார்கள். கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படத்தை மட்டும் உள்ளே விடும். மீதி வேலை நம் மூளையுடையது. புளியமரத்தில் ஆள் உட்கார்ந்திருந்ததும் இந்த மாதிரி வேலைதானே!

படத்தில் அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு குடிகார அப்பா. தலீப் தாஹில் நடித்திருந்தார். குட்டிச்சாத்தானுக்கோ எவ்வளவு சாராயம் ஊற்றினாலும் ஏறாது. தியேட்டரே சிரித்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மாள் மட்டும் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்புப் படம் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பாக இருப்பதில்லை.

கடைசியில் மந்திரவாதி ஒழிந்து, குட்டிச்சாத்தான் வௌவாலாகிப் பறந்து போய்விடுகிறது. நான்கு குழந்தைகளுக்கு அந்த வருஷம் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருது கிடைத்தது. அவர்களில் ஒருத்தி, பின்னால் தமிழ் டி.வி. தொடர்களில் நாம் பார்த்த சோனியா. படம் முடிந்து வெளியே வந்தால் என் பெண் தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"பயமா இருந்ததா கண்ணு?"

"இல்லம்மா. அது எங்கே போகும்? அதுக்கு வீடே இல்லையே."

ரயிலில் பேசாமல் வந்தாள். பட்டரவாக்கம் தாண்டியதும், "நம்ம புளியமரத்துலகூட வௌவால் தொங்குதில்ல?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் மரத்தடியில் ஒரு பிஸ்கட் கிடந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று. மூன்றாம் நாள் ராத்திரி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால், பெண் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறக்கிறாள். கூடப் போகலாமா என்று எழுந்து, பிறகு நின்றுவிட்டேன். கிணற்றுப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. "குட்டி, நான்தான். போயிட்டு வந்துடறேன்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிப் பயமுறுத்தியதில்லை. மறு வாரமே என் வீட்டுக்காரர் கிணற்றடிக்கு ஒயர் இழுத்து ஒரு பல்பும் போட்டார். படம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பல்புக்கும் பங்கு உண்டு.

பயங்கரமான பிராணியைச் சிநேகிதமாக்குவது நம் சினிமாவுக்குப் புதிதில்லை. 1967லேயே 'பட்டணத்தில் பூதம்' வந்து, ஜாவர் சீதாராமன் பூதமாக நின்று சிரிக்க வைத்தார். அமெரிக்காவில் காட்டில் அலைவதாகச் சொல்லும் பெரிய கால் மனிதக் குரங்கைக் காரில் மோதி, வீட்டுக்கே அழைத்து வந்து திண்டாடும் ஒரு குடும்பத்தைப் பற்றி, 'ஹாரி அண்ட் தி ஹெண்டர்சன்ஸ்' என்று 1987ல் எடுத்தார்கள். நம் குட்டிச்சாத்தானுக்கு மூன்று வருஷம் பிந்தித்தான்!

சாத்தன் என்ற பெயரே நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. மாலதி என்கிறவள் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று நடுங்கி, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். அப்போது பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம், அழாதே என்று சொல்லித் தானே அந்தக் குழந்தையாகி அவள் கையில் வருகிறது! கேரளத்துச் சாத்தனும் இந்தச் சாத்தனும் ஒருவர்தானா என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. எனக்கு அந்தத் தாயின் ஓட்டந்தான் மனசில் நிற்கிறது. கைக்குழந்தைக்காரர்களே, படுக்க வைத்துப் பால் புகட்டாதீர்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுங்கள்.

சரி, பேரனுக்கு வருகிறேன். அத்தை கதையைச் சொல்லி, அதே படத்தை டி.வி.யில் போட்டுக் காட்டினோம். சுவரில் நடக்கும் இடத்தில் சிரித்தான். மற்றபடி, "கிராபிக்ஸ் சரியில்லை பாட்டி" என்றான். ராத்திரி வந்தது. மறுபடியும் கால்மாற்றி நின்றான். "அதான் குட்டிச்சாத்தான் நல்லவன்னு பார்த்தியேடா?" என்றால், "அது படம். பாத்ரூம்ல இருக்கிறது நிஜம்" என்கிறான்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு குழந்தைக்குப் பலித்தது இன்னொன்றுக்குப் பலிக்காது என்பது எல்லாத் தாய்க்கும் தெரிந்ததுதான். முதல் காரியமாக மருமகளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்து அந்தப் பட்டனையே அழித்துவிட்டாள். மறுநாள் காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். படம் வேண்டாம், நேரிலேயே காட்டிவிடுவோம்.

அப்படித்தான் இந்த நந்திக்கு முன்னால் வந்து நின்றோம். தொண்டைமான் ராஜா, ஓணன், காந்தன் என்ற குறும்பர் தலைவர்களோடு போர் செய்ய வந்தான். அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் கொடியை வெட்டினான், ரத்தம் வந்தது. பார்த்தால் கொடிக்குள் லிங்கம். தெரியாமல் வெட்டிவிட்டேனே என்று தன் கழுத்தையே அரியப் போனவனைச் சுவாமி தடுத்து, துணைக்கு நந்தியை அனுப்பினார் என்பது இங்கே வழங்கும் கதை. அதனால்தான் நந்தி திரும்பி நிற்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு எருக்கந்தூண்கள் சந்நிதிக்கு முன்னால் இருக்கின்றன; எருக்கில் இவ்வளவு பெரிய தூணா என்று அதிசயமாக இருக்கும். வெட்டுப்பட்ட காயம் ஆற சுவாமிக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு. சித்திரை மாதச் சதயத்தை ஒட்டித்தான் களைவார்கள். அம்பாள் கொடியிடைநாயகி. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் மேலூர், திருவொற்றியூர், இங்கே என்று ஒரே நாளில் மூன்று அம்பாளையும் தரிசிக்கிற பெண்கள் கூட்டம் சாயங்காலத்தில் இங்கே நெரியும். சாதாரண நாள் காலையில் வந்தால் குழந்தைகளுக்கு ஓடியாட நிறைய இடம்.

பேரன் நந்தியின் காதருகே போய் ரகசியம் சொன்னான். பிரதோஷத்தில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. "என்னடா சொன்னே?" என்றால், "அது எங்க ரெண்டு பேருக்கும்" என்றான்.

பழைய வீட்டையும் காட்டலாம் என்று போனேன். அந்த இடத்தில் மூன்று மாடி வீடு நிற்கிறது. கிணறு இல்லை, மரம் இல்லை. "குட்டிச்சாத்தான் எங்கே பாட்டி போயிருக்கும்?" என்றான். நாற்பது வருஷம் முன்னால் கேட்ட அதே கேள்வி. அப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் திருவேற்காடு. கருமாரியம்மன் கோயில் புற்றில் பெண்கள் பாலும் முட்டையும் வைக்கிறார்கள். வேதபுரீஸ்வரர் கோயிலுக்கும் போனோம். இந்த ஊருக்கே 'விடம் தீண்டாப்பதி' என்று பெயர். ஆதிசேஷன் பூஜித்ததால் இங்கே பாம்பு யாரையும் தீண்டாது என்பது நம்பிக்கை. பேரனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "கடிக்காத பாம்பு!" என்று சொல்லிச் சொல்லிக் குதித்தான். நம்பிக்கை நம்பிக்கையாக இருக்கட்டும். பாம்பு பால் குடிக்காது, தவளையும் எலியும்தான் அதற்குச் சாப்பாடு என்றும் அவனுக்குச் சொல்லி வைத்தேன். எந்த ஊரானாலும் பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பூந்தமல்லிக்குப் போய்ச் சேரும்போது பசி. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தோம். இது திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர், அவர் காஞ்சிபுரத்துப் பெருமாளுக்கு விசிறி வீசிக்கொண்டே பெருமாளோடு பேசுவாராம் என்றேன். "பெருமாள் என்ன பேசுவார்?" என்று கேட்டுக்கொண்டே, யாரும் யாருக்கும் போன் போடாமலே, இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டான். வெயிலும் அலைச்சலும் பண்ணின வேலை என்று நினைக்கிறேன். மெட்ரோ பாலத்து நிழலில் கொஞ்சம் நின்று, ஆவடி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து அம்பத்தூர் வந்தோம். வழியெல்லாம் தூங்கினான்.

அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். நான் மறுநாளைக்கு மாவைக் கரைத்து மூடி வைத்துக்கொண்டிருந்தேன். சின்னக் காலடிச் சத்தம். மருமகள் எழுந்திருக்கப் போனாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாத்ரூம் வாசலில் நின்று யாருக்கோ உத்தரவு போடும் குரல் கேட்டது.

"நந்தி, நீ அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு உட்காரு. நான் உள்ளே போறேன். எட்டிப் பார்க்கக் கூடாது."

கதவு மூடிக்கொண்டது.